முதுகில் ஒட்டாத சாயம்

போன வாரம் என் வேட்டியோடு புதுச் சிவப்புத் துண்டையும் சேர்த்து ஊறப்போட்டுவிட்டேன். வேட்டி ரோஸ் கலரில் வெளியே வந்தது. "சாயப்பட்டறையில வேலை பாத்த மனுசன்னு வெளிய சொல்லிராதீங்க" என்றாள் வீட்டுக்காரி. அவள் திட்டத் திட்ட எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பின்னே, அந்தக் கலர்தானே ஒரு காலத்தில் எங்கள் மானத்தைக் காப்பாற்றியது!

சேலை நெசவுக்குப் பேர்போன சின்னாளப்பட்டியில் நான் சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போன புதிதில் எங்களுக்கென்று ஒரு கால்பந்து கிளப் இருந்தது. திண்டுக்கல் லீக்கில், முதல் டிவிஷன். மற்றதெல்லாம் டவுன் டீம்கள். நாங்கள் மைதானத்தில் இறங்கினாலே, "சேலைக்காரப் பயலுக வந்துட்டாய்ங்கடா" என்று ஒரு குரல் கிளம்பும். கடைசியில் நிற்கிற டீமை அடுத்த வருஷம் இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த சீசன் முழுக்க நாங்கள் அந்தக் கடைசியில்தான் நின்றோம். நானும் கோலைக் காக்கிற பேக்கில் நின்று என் பங்குக்கு எங்கள் வலைக்குள்ளேயே ஒரு சேம்சைடு கோல் போட்டுக் கொடுத்தேன். அதை விரிவாகச் சொல்லுகிற எண்ணம் இல்லை.

கேப்டன் பாண்டி தறி நெய்கிறவன். அவனுக்குச் சோறே இறங்கவில்லை. "ஏலே, கீழ மட்டும் எறங்குனோம், அம்புட்டுதான். டவுன்காரன் ஒருத்தனும் மதிக்க மாட்டான்" என்பான். எப்படியோ முட்டி மோதி, கடைசி மேட்ச்சில் டிரா செய்தால் தப்பிக்கலாம் என்ற இடத்துக்கு வந்துவிட்டோம்.

பழைய ஜெர்சி எல்லாம் கிழிந்து தொங்கியது. நாங்களே வெள்ளைப் பனியன் வாங்கிப் பட்டறையில் அரக்குச் சிவப்பில் முக்கினோம். அவசரத்தில் சாயம் நிற்பதற்கான கடைசி அலசலை விட்டுவிட்டோம். சாயக்காரர்கள் செய்கிற காரியமா அது?

இடைவேளைக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. கை, கால், பந்து எல்லாம் சிவப்பு. எதிர் டீம் வெள்ளைச் சட்டை. எங்கள் மேல் உரசியவனெல்லாம் ரோஸ். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

ஆட்டம் முடிகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிர் டீமில் அப்போதுதான் மாற்று ஆளாக இறங்கிய ஒருவன் எங்கள் கோலுக்கு முன்னால் தொப்பென்று விழுந்து, நான் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டதாகக் கத்தினான். ரெஃப்ரி விசிலை ஊதிவிட்டார். பெனால்டி என்றால் கதை முடிந்தது.

பாண்டி ஓடிவந்தான். சிவப்பு வடிகிற என் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிக் காட்டினான். "சார், இந்தக் கையப் பாருங்க. அவன் முதுகையும் செத்த பாருங்க!"

அவன் முதுகு வெள்ளை வெளேரென்று இருந்தது. ரெஃப்ரி ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் அவனுக்கே மஞ்சள் கார்டைக் காட்டினார்.

டிரா! பஸ்ஸில் எங்களை ஏற்ற மாட்டேன் என்றார் கண்டக்டர், சீட்டெல்லாம் கறையாகிவிடுமாம். சீட்டில் உட்காரவே மாட்டோம் என்று கெஞ்சி ஏறி, ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது.

சில வருஷங்களில் ஆளுக்கொரு பக்கம் பிழைக்கப் போனோம். பாண்டி திருப்பூரில் இருக்கிறான். நாங்கள் பந்தாடிப் பழகிய பொட்டலில் இப்போது மாடிவீடுகள். கிளப்பும் இல்லை. ஆனால் அது கலைந்த நாள் வரைக்கும், முதல் டிவிஷனிலிருந்து எங்களை ஒருத்தனாலும் கீழே இறக்க முடியவில்லை.