வெள்ளை எழுத்தில் அவன் பெயர்

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில், டாட்டூ அழிக்கிற அந்த லேசர் கிளினிக் இருந்தது. படியேறும்போதே சுவரில் ஒரு கையின் படம். பாதிக் கையில் டாட்டூ, மீதிப் பாதி சுத்தம். பாலில் ஊறப்போட்ட மாதிரி வெளுத்த கை. எங்கள் ஜில்லாவில் அப்படியொரு கையை நான் பார்த்ததே இல்லை. அந்தப் படத்தைப் பார்த்ததும் திரும்பி இறங்கியிருக்கக் கூடாதா என்று பிற்பாடு ஆளாளுக்குக் கேட்டார்கள். அன்றைக்கு ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

என் கையில் இருந்தது நானாக ஆசைப்பட்டுக் குத்திக்கொண்ட பெயர் இல்லை. கோலியனூரில் எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, மாப்பிள்ளை வீட்டார் என்னையும் அம்மாவையும் மேல்மலையனூர் அமாவாசைக்கு அழைத்துப்போனார்கள். கோயிலுக்கு வெளியே டாட்டூ போடுகிறவர்கள் கடை விரித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அக்காதான் ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டுப் பொண்ணு ஆயிட்ட. கையில அவன் பேர எழுதிக்கோ, நாலு பேரு பாக்கட்டும்."

என் அம்மாவும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். வலது முன்கையில் அவன் பெயர் ஏறியது. அவன் கையில் என் பெயரைக் குத்தலாமே என்றதற்கு, "எனக்கு ஊசின்னா ஆவாது" என்றான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மட்டும் செல்போனில் படம் எடுத்தான்.

ஆடி பிறப்பதற்குள் கல்யாணம் நின்றுபோனது. அவர்களுக்கு இன்னும் வசதியான இடம் கிடைத்துவிட்டது, வேறொன்றும் இல்லை. புடவையும் மோதிரமும் திரும்பிப் போயின. பெயரைத் திருப்பித் தர வழியில்லை. அன்றைக்குச் சிரித்துத் தலையாட்டிய அதே அம்மா, அதன்பிறகு என் கையைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொண்டாள். திண்டிவனத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. தினமும் விழுப்புரம் போய் பஸ் மாறி, சித்திரை வெயில் மாதிரி கொளுத்துகிற நாளிலும் முழுக்கை ரவிக்கையோடு போய்வந்தேன். விட்டுப்போனவன் அரைக்கைச் சட்டையில் ஜாலியாகத் திரிந்தான்.

கிளியனூரிலிருந்து ஒரு வரன் வந்தது. தையில் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அதற்குள் கை சுத்தமாக வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அப்படித்தான் அந்த மாடிக்குப் போனோம். வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்த பெண் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தைக்குள்ள முடிச்சுக் குடுத்துடும்மா, ஜல்தியா," என்றாள் அம்மா.

"முடிச்சிடலாம்மா. பவர கொஞ்சம் கூட்டி வெச்சா போதும்."

அவ்வளவுதான் பேச்சு. ஓரமாகச் சின்ன இடத்தில் லேசரைப் போட்டுப் பார்க்கவில்லை. என் தோலைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. முதல் நாளே முடி கருகும் வாசனை வந்தது. "அப்படித்தான் இருக்கும் மேடம்" என்றாள். கொப்புளம் வற்றி முடிவதற்குள் அடுத்த தடவை வரச்சொன்னாள், போனோம். பிறகும் போனோம். பொருக்கு உதிர்ந்த அன்று காலையில் கையைக் கழுவிவிட்டுப் பார்த்தேன். குத்திய மை போயிருந்தது. மை இருந்த இடத்தில் தோலின் கருப்பும் போயிருந்தது. அவன் பெயர் எழுத்துக்கு எழுத்து, கடைசிப் புள்ளி வரை, வெள்ளை வெளேரென்று என் கையில் இருந்தது. முன்பு பக்கத்தில் வந்தால்தான் படிக்க முடியும். இப்போது தெருமுனையிலிருந்தே படிக்கலாம்.

அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நேராக மாடி ஏறினேன். அந்தப் பெண் கையைப் பார்த்தாள், முகம் மாறவே இல்லை.

"உங்க ஸ்கின் ரொம்ப டார்க் மேடம். அதான் இப்படி ஆயிடுச்சு. எங்க மிஷின்ல ஒண்ணும் தப்பு இல்ல."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "கீழ பஸ் ஸ்டாண்டுல போய்ப் பாருங்க. எல்லாரும் என் கலருதான். விழுப்புரத்துல கடைய போட்டுக்கினு, யாருக்காக மிஷின் வாங்கினீங்க?" என்றேன். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அந்தக் கண்ணாடிக் கதவை உடைத்துவிட்டு வந்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

பாண்டிச்சேரியில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். அந்த அம்மாள் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் பார்த்தார். லேசர் கருப்பைத் தேடிப் போகிற ஒளி, மையின் கருப்பு எது, தோலின் கருப்பு எது என்று அதற்குத் தெரியாது என்றார். நம் நிறத்துக்கு என்று மேல்தோலை அதிகம் தொடாமல் ஆழமாகப் போகிற ஒளி இருக்கிறதாம். அதையும் குறைந்த சக்தியில், முதலில் ஓர் ஓரத்தில் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் தோல் ஆறும்வரை பொறுத்துச் செய்ய வேண்டுமாம்.

"உங்க தோல்ல ஒரு தப்பும் இல்லம்மா. செஞ்ச விதம்தான் தப்பு. வெயில் படாம பாத்துக்குங்க. நிறம் கொஞ்சம் கொஞ்சமா திரும்பலாம். முழுசா வரும்னு நான் வாக்கு குடுக்க முடியாது."

அதைக் கேட்டு அழுதேன். தப்பு என் தோலில் இல்லை என்று ஒருவர் சொல்ல நான் பாண்டி வரைக்கும் போக வேண்டியிருந்ததே என்ற ஆத்திரத்தில் வந்த அழுகை அது.

தையில் கிளியனூர்க்காரர்கள் வந்தார்கள். புதிதாகத் தைத்த முழுக்கை ரவிக்கையில் என்னை உட்கார வைத்தார்கள். காபி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா, "எங்களுக்குப் புடிச்சிருக்கு, பூ வெச்சுட்டே போறோம்" என்று பையிலிருந்து பூவையும் கண்ணாடி வளையலையும் எடுத்தார். பூ வைக்கும்போது கையில் வளையலும் போட்டுவிடுவது அவர்கள் வழக்கமாம். எங்கள் வீட்டில் அது யாருக்கும் தெரியாது. அந்த அம்மாள் என் வலது கையைப் பிடித்து, ரவிக்கைக் கையை மேலே ஏற்றினார். பட்டென்று கையை விட்டார்.

"இன்னாம்மா இது, வெள்ளையா?"

"வடை சுடும்போது எண்ண தெறிச்சுதுங்க," என்றாள் என் அம்மா.

கூட வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெண்குஷ்டம் என்று யாரோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நோய் இல்லீங்க. பேரு. மொதல்ல நிச்சயம் பண்ணவன் பேரு. அழிக்கப் போயி இப்படி ஆச்சு. படிச்சுப் பாருங்க," என்று கையை நீட்டினேன்.

அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு பெரிய மூச்சு விட்டுச் சிரித்தார்.

"பேருதானா? எங்க பெரிய மருமவ கையிலகூட ஒரு பேரு கீது. அத யாரு பாக்குறா? நான் வேற இன்னாமோன்னு பயந்துட்டேன்."

மறுபடியும் வளையலை எடுத்தார். என் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பெயருக்குப் பயந்து நாங்கள் என் தோலைப் பொசுக்கக் கொடுத்தோமோ, அந்தப் பெயர் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

"வேற இன்னாமோவா இருந்தா எழுந்து போயிருப்பீங்களா?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் திரும்பி மகனைப் பார்த்தார். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையை இழுத்துக்கொண்டு எழுந்தேன். அந்தச் சம்பந்தம் அதோடு சரி. இந்தத் தடவை நிறுத்தியது நான். 

இப்போது கையில் களிம்பு தடவிக்கொண்டு, கடைக்குள் அரைக்கை ரவிக்கைதான் போடுகிறேன். கேட்பவர்களுக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கடைசி எழுத்தின் புள்ளி மட்டும் ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வருகிறது. சின்ன வயதில் வெள்ளிக்கிழமை தவறாமல் என்னை முற்றத்தில் நிற்கவைத்து, கருப்புப் போகட்டும் என்று கடலை மாவைப் போட்டுத் தேய்த்தவள் என் அம்மா. அவளே இப்போது தினமும் காலையில் என் கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்:

"கருத்துக்கினு வருதாடி?"