ரப்பர் வளையம்

மினாமிதே மசுயோ குரலை உயர்த்தி அந்தக் குளிர்காலம் வரை நான் கேட்டதே இல்லை. மலைக்குள் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்குப் பதினோரு வருடமாக அவரைத் தினமும் வண்டியில் கொண்டுபோய் விட்டவன் நான். பழைய துத்தநாகச் சுரங்கம் அது. அங்கே ஒரு பெரிய செம்புக் கோளத்தில் வாயுவை அடைத்து, கசிவு வராமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

அந்தக் கோளம் சூரியனிலிருந்து வரும் ஒரு துகளுக்காகக் காத்திருந்தது. அப்படியொன்றை யாரும் கண்டதில்லை. கணக்கில் மட்டும் உண்டு. நீளம் அகலம் உயரத்துக்கு அப்பாலும் பரிமாணங்கள் இருந்தால், அந்தத் துகள்களில் கனமானவை சூரியனைவிட்டு ஓட முடியாமல் அதையே சுற்றிக்கொண்டிருக்குமாம். கோளத்துக்குள் ஒன்று சிதைந்தால் ஒரே கணத்தில் இரண்டு பொறிகள் விழும். பூமி சூரியனை நெருங்கும் ஜனவரியில் அவற்றின் எண்ணிக்கை கூட வேண்டும்.

அந்த ஜனவரியில் கூடின. குழுத்தலைவர் இவாசே செய்தியாளர்களை அழைக்க நாள் குறித்துவிட்டார்.

மசுயோ மட்டும் நம்பவில்லை. டிசம்பரில் ஒரு வால்வில் கசிவைத் தடுக்கும் செம்பு வளையம் தேய்ந்துபோயிருந்தது. புதியது வரும்வரை ரப்பர் வளையத்தைப் போடச் சொன்னவர் இவாசேதான். ரப்பரிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு ஊறும், பொய்ப் பொறிகள் விழும் என்று மசுயோ அன்றே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

குழுக் கூட்டத்தில் அதை எடுத்துச் சொன்னார்.

"ரேடானைக் கழிச்சாச்சு, மினாமிதே சான். கணக்கை நாங்க பாத்துக்கறோம், நீங்க ஸ்பேனரைப் பாருங்க" என்றார் இவாசே. யாரோ சிரித்தார்கள்.

மசுயோ எழுந்து நின்றார். "சென்செய், நீங்க கழிச்சது சுரங்கக் காத்துல இருக்கற ரேடானை. இது கோளத்துக்குள்ளயே ஊறுது. செம்பு வளையம் வந்து பெட்டியில கெடக்கு. மாட்டறேன். அப்பவும் பொறி குறையலேன்னா எல்லார் முன்னாடியும் குனிஞ்சு மன்னிப்புக் கேக்கறேன்."

திரும்பும்போது வண்டியில் பொரிந்து தள்ளினார். "சூரியன்லேர்ந்து வர்றதப் பாக்கறாராம்! மூக்குக்கு முன்னாடி இருக்கற வளையம் தெரியல!"

வளையத்தை மாற்றினார்கள். மூன்றே வாரத்தில் பொறிகள் பழைய அளவுக்கு இறங்கின. செய்தியாளர் கூட்டம் ரத்தானது.

பிறகு அறிக்கை வந்தது. பொய்ப் பொறிகள் விழுந்தது "பராமரிப்புப் பணியாளரின் தவறால்" என்று அதில் ஒரு வரி. மசுயோ பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நேரே இவாசேயின் அறைக்குப் போனார். வண்டிச் சாவியோடு நான் வாசலில் நின்றிருந்தேன்.

"யாரோட தவறு? பேரைப் போடுங்க."

"அது சும்மா வழக்கமா எழுதறதுதான். அடுத்த தடவை மாத்திக்கலாம்."

"இப்பவே மாத்துங்க. அதுவரைக்கும் நான் நகர மாட்டேன்."

நாற்பது நிமிடம் அசையாமல் நின்றார். கடைசியில் அந்த வரி, "குழுத்தலைவரின் உத்தரவுப்படி பொருத்தப்பட்ட ரப்பர் வளையத்தால்" என்று மாறியது. மன்னிப்பு என்ற சொல் மட்டும் இவாசேயின் வாயில் வரவில்லை.

துகள் இன்றுவரை அகப்படவில்லை. மசுயோ வேலையையும் விடவில்லை. அந்த ஆண்டிறுதி விருந்தில் இவாசே சாகே மதுக் குடுவையோடு அவர் பக்கம் வந்து ஊற்றக் குனிந்தார். மசுயோ தன் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.