பக்கெட்டில் கத்தும் பீப்பி

கஸ்தூரி கையளவு பிளாஸ்டிக் குழலைப் பக்கெட் தண்ணீரில் முக்கி, குனிந்து காதைக் கொடுப்பாள். ‘கீச்’ என்று வந்தால் பெட்டிக்குள் போகும். வராவிட்டால் மறுபடி கழற்ற வேண்டியதுதான். குழலுக்கு அவள் வைத்த பெயர் பீப்பி.

மீன்வலையில் கட்டும் கருவி அது. சத்தம் கேட்டால் டால்பின்கள் வலையை விட்டு விலகும். கேட்காவிட்டால் சிக்கிக்கொண்டு, மூச்சு வாங்க மேலே வர முடியாமல் சாகும். கரையோரமாகவே திரியும் கூன்முதுகு டால்பின்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் நாகப்பனின் பட்டறை பாகங்களை அனுப்புகிறது. கொரட்டூர் வீட்டில் இவள் பூட்டித் தருகிறாள். மாமியார் மங்களம் படுத்த படுக்கை. அவரைக் குளிப்பாட்டத்தான் நான் காலையில் போகிறேன்.

கஸ்தூரி டால்பினை நேரில் கண்டதில்லை. வாய் மட்டும் ஓயாது. “இது கத்துது பாரு சிஸ்டரம்மா, எங்க அத்த மாரியே.”

“காது கேக்குதுடி” என்பார் மங்களம், உள்ளேயிருந்து.

மார்கழியில் ஒரு காலை, தலைக்கு எண்ணெய் எடுத்த கஸ்தூரி புட்டியைக் கவிழ்த்தபடியே நின்றுவிட்டாள். தேங்காயெண்ணெய் உறைந்திருந்தது. பீப்பி மூடியின் ரப்பர் வளையத்துக்குத் தடவும் கிரீஸ் முந்தின நாள் தீர்ந்துபோக, அந்த எண்ணெயைத் தடவித்தான் பூட்டியிருந்தாள். கடலின் குளிரில் எண்ணெய் கட்டிப்போனால் வளையம் படியாது. தண்ணீர் இறங்கும். கருவி ஊமையாகிவிடும்.

“சொன்னா நாகப்பன் அண்ணாத்தே வேற ஆளு பாத்துப்பாரு” என்றாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. புட்டியைக் கீழே வைத்தாள். பிறகு ஃபோனை எடுத்தாள்.

“அண்ணாத்தே, பொட்டி கெளம்பிடுச்சா?”

“வண்டில ஏத்திகினு கீறாங்க. இன்னா?”

“எறக்கச் சொல்லு. தேங்காயெண்ணெ தடவிட்டேன்.”

“தலைக்கா?”

“பீப்பிக்கு.”

நாகப்பன் போட்ட கூச்சல் மங்களத்துக்கே கேட்டது. “ஒரு மீனுக்காவ இவ்ளோ திட்டு வாங்குறியேடி. என் காப்பி ஆறுது.”

“மீன் இல்ல அத்த. நம்மள மாரி மூச்சு இழுக்கற ஜென்மம்.”

மறுநாள் நான் போனபோது பெட்டி திரும்பி வந்திருந்தது, புது கிரீஸ் டப்பாவோடு. கஸ்தூரி எண்ணெய் படக்கூடாதென்று தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பக்கெட்டில் ஐஸ் கட்டி மிதக்கிறது. குழலை ஊறவிட்டு, குனிந்து, வாயை மூடி மூச்சை அடக்குகிறாள். ‘கீச்’ என்று வந்த பிறகுதான் விடுகிறாள்.