வெளிப்பக்கத் தையல்

அவள் தைக்கும் சட்டைகளில் தையல் வெளியே இருக்கும். அதன்மேல் மெல்லிய பட்டை ஒன்றை வைத்துத் தைத்துவிடுவாள். பார்ப்பவர்களுக்கு அது அலங்காரம். உள்ளே ஒரு நூல்முனைகூட உடம்பில் படாது. பொத்தான் கிடையாது, தலைவழியாகப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கடல் தாண்டி ஒரு பையன் இருந்தான். ஏழு வயது. தையல் உரசினால் அலறிக்கொண்டே சட்டையைக் கழற்றி எறிந்துவிடுவான். போனில் சட்டையின் படத்தைப் பார்த்துவிட்டு அவன் அம்மா கேட்டு எழுதினாள். அன்றிலிருந்து இவள் தைத்த சட்டையில்தான் அவன் பள்ளிக்கூடம் போனான். அந்த அம்மா சொல்லி இன்னும் சிலர் வாங்கினார்கள். பின்னறையில் கிடந்த மெஷின் முன்னறைக்கு வந்தது.

சின்னப் பார்சலுக்கு அந்த நாட்டில் வரி இல்லாமல் இருந்தது. திடீரென்று அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். இனி கைக்குட்டைக்கும் வரி. அதுவாவது ஒரு நிலையில் நின்றதா என்றால் இல்லை.

"காலையில ஒரு ரேட்டு, சாயங்காலம் ஒரு ரேட்டு. என்னைக் கேட்டா நான் போய் யாரைக் கேக்கறது, அக்கா?" என்றார் கூரியர் கடைக்காரர்.

அங்கே பார்சல் கொண்டுபோனவன், கிட்டத்தட்ட சட்டையின் விலையையே வரியாக வாசலில் நின்று கேட்டான். பையனின் அம்மா ஒருமுறை கட்டினாள். மற்றவர்கள் பார்சலைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு எழுதவே இல்லை.

அவள் கணவன் லிப்ட் பழுதுபார்ப்பவன். அவனுக்கு ஒரு யோசனை வந்தது. "பழைய துணின்னா வரி போடமாட்டான். நாலு தடவை துவைச்சு அனுப்பு."

துவைத்தாள். காயவைத்து மறுபடி துவைத்தாள். புதுச்சட்டை சீக்கிலிருந்து எழுந்ததுபோல் ஆனது. வரி அப்படியே விழுந்தது, அம்மா அதையும் கட்டினாள். பையனோ சட்டையை முகர்ந்து பார்த்தவன், அதைத் தொடமாட்டேன் என்றுவிட்டான். வேறு வீட்டுச் சோப்பு வாசனை. அங்கே மறுபடி துவைத்துக் காட்டியும் அவன் நம்பவில்லை.

"போட்டுக்க இப்ப ஒண்ணே ஒண்ணுதான்க்கா இருக்கு. அதுவும் வயித்துக்கு மேல ஏறிடுச்சு. ஸ்கூலுக்கு அனுப்பாம வெச்சிருக்கேன்," என்றாள் அம்மா போனில். "இன்னொரு தடவை வரி கட்ட என்னால முடியாது."

அவள் பழுப்புத் தாளை மேசையில் விரித்தாள்.

"என்ன பண்றே?" என்றான் கணவன்.

"வெட்டற அளவை வரையறேன். போட்டோ எடுத்து அனுப்பிடுவேன். போட்டோவுக்கு வரி இல்லையே."

"கடைச் சாவியையே தூக்கிக் குடுக்கறே. அங்கயே தைக்க ஆரம்பிச்சுட்டா உன்னை யாரு தேடப்போறா?"

"யாரும் தேடமாட்டாங்க."

"தெரிஞ்சேதான் பண்றியா?"

"அந்த ஸ்கேலை எடு. பக்கத்துல வெச்சாத்தான் அளவு புரியும்."

எடுத்துக் கொடுத்தான். "தர்மப்பிரபு வீட்ல வாக்கப்பட்டிருக்க வேண்டியவ," என்று முணுமுணுத்தான்.

அடுத்த வாரம் படம் வந்தது. அந்த ஊர்த் தையல்காரர் தைத்த சட்டை. நல்ல கை. ஆனால் பையன் கழற்றி எறிந்துவிட்டான். தையல் வெளியே இருப்பது வரைந்தவர் செய்த பிழை என்று நினைத்து, தையல்காரர் அதை ஒழுங்காக உள்ளே தள்ளியிருந்தார், பட்டையையும் சேர்த்து.

"எல்லாம் பாழ்க்கா," என்றாள் அம்மா. "நீங்களே ஒண்ணு தச்சு அனுப்பிடுங்க. கடனோ உடனோ வாங்கி வரியைக் கட்டிடறேன்."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெட்டாத துணி மேசைமேல்தான் இருந்தது. கணவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஒண்ணும் பாழாகலை. அதையே திருப்பிப் போட்டு விடும்மா."

"என்னது?"

"உள்பக்கத்தை வெளியே திருப்பு. பொத்தான் இல்லை, பாக்கெட் இல்லை. அப்பத்தான் அது என் சட்டை."

அந்த அம்மா போனை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். பிறகு தூரத்தில் அவள் பையனிடம் கெஞ்சுவது கேட்டது. அதற்கும் பிறகு தரையில் யாரோ தடதடவென்று ஓடும் சத்தம். அழுகை இல்லை.

இவள் துணியை மடித்து அலமாரியில் வைத்தாள். பழுப்புத் தாளின் ஓரத்தில் இன்னும் இடமிருந்தது. எட்டு வயதுக்கான தோளை வரையத் தொடங்கினாள்.