இடது பக்கக் குமிழ்

அப்பா இருந்திருந்தால், இந்த நினைவு மலர் கைக்கு வந்ததும் படிக்கமாட்டார். அச்சகத்தில் பேசிய தாளில்தான் அச்சடித்திருக்கிறார்களா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தடவிப் பார்ப்பார். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இன்றைய மலருக்காக, அவர் சார்பில் அந்தச் சோதனையை நானே அச்சகத்துக்குப் போய்ச் செய்துவிட்டேன். தாள் சரியாகத்தான் இருக்கிறது.

கோலார் தங்கவயலில், வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பத்தில் அப்பா பிறந்தார். தாத்தாவின் இருமலைக் கேட்டே வளர்ந்ததால் சுரங்கத்தில் இறங்குவதில்லை என்று முடிவு செய்து, பள்ளிப் படிப்போடு பெங்களூருக்கு ரயிலேறினார். ஒக்கலிபுரத்தில் ஒற்றை அறை. கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு கல்லூரியில், மாணவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆங்கில உச்சரிப்பு பழகும் கூடத்தில் உதவியாளர் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார், அத்தைகள் இருவருக்கும் கல்யாணம் செய்தார்.

கூடத்துக்குக் கம்ப்யூட்டர்கள் வந்தபோது பழைய ஹெட்போன்களைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னார்கள். அப்பாவுக்கு மனம் வரவில்லை. முதல்வரிடம் கேட்டு, நாளைக்கு யாரும் திருட்டு என்று சொல்லிவிடக் கூடாதென்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு எடுத்து வந்தார். அன்று பிடித்த பைத்தியம் கடைசிவரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ஹெட்போன் எங்கே கிடந்தாலும் வாங்கி வருவார். காதில் உட்காரும் மெத்தைக்கு ரெக்சின் வெட்டித் தைப்பார், அறுந்த வயரைப் பற்றவைப்பார். உள்ளே மக்கிப்போன ஸ்பாஞ்சு கறுப்புப் பொடியாக உதிரும். அதை மாட்டிப் பார்த்துவிட்டு இரண்டு காதும் கரியாகச் சாப்பிட உட்காருவார். ஒரு ஜோடிக் காதுக்கு இத்தனை எதற்கு என்று அம்மா கேட்பார். அப்பா பதில் சொல்லமாட்டார்.

அப்பா யாரையும் நம்பியதில்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பால்காரர், ஆட்டோ மீட்டர், மருந்துக் கடை, சம்பந்தி வீடு, எல்லோரையும் ஒரே கண்ணால்தான் பார்த்தார். அடுத்தவர் பொருளைத் தொடாத மனிதர், அடுத்தவர் தொட்டுவிடுவார் என்று மட்டும் பயந்துகொண்டே இருந்தார். அந்தக் குணம் துளியும் குறையாமல் எனக்கு வந்திருக்கிறது.

அவர் நம்பிய ஒரே ஆள் ரஹீம் பாய். பெங்களூரிலேயே அடுகோடி என்ற பகுதியில் ஸ்பீக்கர் ரிப்பேர் பட்டறை வைத்திருப்பவர். அப்பாவால் முடியாத நுணுக்கமான வேலையெல்லாம் அவரிடம்தான் போகும். அப்பாவிடம் இருந்ததிலேயே உயர்ந்தது ஒரு ஜெர்மன் ஹெட்போன். இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சத்தம் கூட்டக் குறைக்கக் குமிழ் வைத்தது. அதை ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கியதும், இடது பக்கம் சத்தம் குறைகிறது என்றார் அப்பா. அசல் ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு மட்டமானதைப் போட்டுவிட்டார் பாய் என்றார். பட்டறைக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். அதன்பின் அப்பா அந்தக் கதையைச் சொல்லாத விசேஷம் நம் வீட்டில் இல்லை. அதில் பாய்தான் திருடன். நாம் எல்லோரும் கேட்டோம், நம்பினோம்.

அப்பா இறந்த அன்று ரஹீம் பாய் வாசல் கேட் அருகே வந்து நின்றார். ஹெட்போன்கள் இருக்கும் பீரோவைப் பூட்டு என்று சித்தப்பா என் காதில் சொன்னார். நான் அதற்கு முன்பே பூட்டியிருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் பாய் மறுபடி வந்தார். அந்த ஜெர்மன் ஹெட்போனை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். எத்தனையோ இருக்க அதையே கேட்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. எடுத்து வந்தேன், ஆனால் வயரின் ஒரு முனையைக் கையிலேயே பிடித்துக்கொண்டேன். அப்பாவின் ரேடியோவில் மாட்டச் சொன்னார். பழைய ரேடியோ, இரண்டு காதுக்கும் ஒரே அளவு சத்தம்தான் வரும். அவர் மாட்டிக்கொள்ளாமல் என்னைக் கேட்கச் சொன்னார்.

இடது காதில் கன்னடச் செய்தி அலறியது. வலது பக்கம் சாதாரணமாக இருந்தது. என் காதையே நம்பாமல் என் வீட்டுக்காரரைக் கேட்கச் சொன்னேன். அவரும் அதையே சொன்னார். அப்போதுதான் பாய் குமிழ்களைக் காட்டினார். இடது குமிழ் முழுவதும் திருகியிருந்தது, வலது பாதியில் நின்றது. இரண்டையும் ஒரே அளவுக்கு வைத்தார். சத்தம் இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தது. பாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் செஞ்ச வேலை சரிதான்மா," என்றார். "இத்தனை வருஷமா எனக்கே டவுட்டு."

அப்பாவின் காதில் கோளாறு என்பது சண்டைக்கு வந்த அன்றே அவருக்குத் தோன்றியதாம். இடது பக்கம் நின்று பேசியதற்கு அப்பா பதிலே சொல்லவில்லையாம். அதை ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கோவம்தான் மொதல்ல. அப்பறம் யோசிச்சேன். பாட்டு கேக்கறதுக்குன்னே பொறந்த மனுசன். அவர்கிட்ட போய் உங்க காது போச்சுன்னு எப்டி சொல்றது? திருடன்னு சொன்னா சொல்லிட்டுப் போறாரு."

சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் அம்மா. சோபாவில் அம்மா உட்காரும் இடம் அப்பாவுக்கு இடப்பக்கம். "அப்போ அவரு வேணும்னு பேசாம இருக்கலையா?" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

பாய் போன பிறகும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. பீரோவைத் திறந்து, குமிழ் வைத்த ஹெட்போன்களை எல்லாம் வெளியே எடுத்தேன். பாயின் கை படாதவை, சண்டைக்குப் பின் வாங்கியவை, எல்லாவற்றிலும் இடது குமிழ் முழுவதும் திருகியிருந்தது. எல்லா ஹெட்போனிலும் ஒரே பக்கம் குறைந்தால் கோளாறு எங்கே என்று, அத்தனையையும் சரிசெய்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்திருக்கும் என்றே சந்தேகிக்கிறேன். தெரிந்தும் அந்தக் கதையைத் திரும்பப் பெறாமல் விட்டுவிட்டார். என் அப்பாமேல் எனக்கு உயிர். இருந்தும் இதை எழுதுகிறேன்.

அப்பாவின் கடைசி நாட்களில் உடனிருந்த மருத்துவமனைச் செவிலியருக்கும், தோள் கொடுத்த கல்லூரி நண்பர்களுக்கும், தங்கவயலிலிருந்து விடியுமுன் ரயில் பிடித்து வந்த சொந்தங்களுக்கும், பந்தல் முதல் பந்திவரை பார்த்துக்கொண்ட ஒக்கலிபுரத்து அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் ரஹீம் பாய்க்குப் போனில் படித்துக் காட்டினேன். காது விஷயத்தை எடுத்துவிடச் சொன்னார். நாலு பேர் அப்பாவைக் குறைவாகப் பேசுவார்கள், தம்மைப் பற்றி என்ன சொன்னாலும் பழகிவிட்டது என்றார். நான் எடுக்கவில்லை. இன்று அவர் நம் வீட்டுக்கு வருகிறார். பீரோவை நான் பூட்டவில்லை. சித்தப்பாவும் பூட்ட வேண்டாம்.