கிட்டப் போய் எடுத்த படம்

யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் இரண்டு கமராக்களை என் முன்னால் வைத்தார். ஒன்று நீண்ட லென்ஸோடு பூசணிக்காய்க் கனம். மற்றது கைக்கு அடக்கம்.

"குருவி எண்டால் இந்தப் பெரிசுதான் அண்ணை. தூரத்தில நிண்டே எடுக்கலாம்."

அதைத் தூக்கினால் எனக்கு இடுப்பும் நாரியும் நோகும். சின்னதைக் கேட்டேன்.

"அப்ப குருவிக்குக் கிட்டப் போகோணும்."

"போனால் போச்சு, அதுக்கென்ன?" என்றேன். அந்த வாயிலேயே அடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வெங்காயத் தோட்டம். தோட்டக்காரர் என்னிலும் மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். மண் கொத்தும்போது ஆட்காட்டிக் குருவியின் முட்டைகளைக் கண்டால், சுற்றி நாலு தடி ஊன்றி அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுவார். கொத்தவும் மாட்டார், தண்ணீர் பாய்ச்சவும் மாட்டார். "குஞ்சைக் கூட்டிக்கொண்டு போகட்டும். ஒரு பாத்தி வெங்காயம் குறைஞ்சால் ஆரும் சாகமாட்டினம்" என்பார்.

அந்த முறை தடி ஊன்றியதும் என்னிடம்தான் வந்தார். "கமரா வாங்கினனி எல்லோ, வந்து எடு. கிட்டப் போகாதை, என்ன?"

"ஓம் அண்ணை."

அவர் சந்தைக்குப் போன காலைகளில் போனேன். வரம்பில் நின்று எடுத்தால் குருவி ஒரு புள்ளி. கொஞ்சம் நகர்ந்தேன். இன்னும் கொஞ்சம். நாலாம் நாள் தடிக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டேன். குருவிகள் இரண்டும் தலைக்கு மேல் கத்திக் கத்திப் பறந்தன. நான் அசையவில்லை. கடைசியில் ஒன்று தாங்கமாட்டாமல் முட்டையில் வந்து இருந்தது. எடுத்தேன். நான் எழும்ப, அது மறுபடி பறந்தது. கமராவின் சின்னத் திரையில் படத்தைப் பார்த்துத் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பின்னேரம் முட்டைகள் இல்லை. அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"உவன்தான் திண்டிருப்பான்" என்று தன் நாயைக் காட்டினார். "அவிட்டு விட்டு வளத்தது என்ரை பிழை." நாய் வாலை ஆட்டியது. அன்றே அதை மாமரத்தில் சங்கிலியால் கட்டினார்.

வீட்டில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குருவிக்குப் பின்னால், வேலிக் கதியாலில் ஒரு காகம். நேரே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் படத்திலும் அதே இடத்தில் இருந்தது. முட்டை எங்கே என்று அதற்குக் காட்டிக்கொடுத்தவன் நான். ஐயோ, நாய் என்ன பாவம் செய்தது?

போய்ச் சொல்லியிருக்கலாம். வேலிக்கு அந்தப் பக்கம்தான் அவர் வீடு. சொல்லவில்லை. அடுத்த மாதம் போய்ப் பெரிய கமராவை வாங்கினேன், ஏதோ அதனால் எல்லாம் சரியாகிவிடும் போல.

ஒரு நாள் அண்ணை கேட்டார்: "அந்தக் குருவி முட்டையில இருந்த படம் ஒண்டு தாவன், கொழுவி வைப்பம்."

கொடுத்தேன். காகம் இருந்த பக்கத்தை வெட்டிவிட்டுத்தான் கொடுத்தேன்.

இப்போது அது அவர் வீட்டு விறாந்தையில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் "தம்பி எடுத்தது" என்று காட்டுகிறார். நான் படலையைத் திறக்கும்போதெல்லாம் அந்த நாய் சங்கிலி இழுபட எழும்பி நின்று வாலை ஆட்டுகிறது. என்னைக் கண்டால் அதற்கு இன்னும் சந்தோஷம்தான்.