மாமன் முறை செய்த அஞ்சலை

மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலைப்பொழுது, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பேத்தி மல்லிகா பள்ளிச் சீருடையோடு வாசலில் வந்து நின்றாள். “பாட்டி, அஞ்சலை சின்னம்மா கண்ணத் தொறக்கல. ஆஸ்பத்திரியில துணியப் போட்டு மூடிட்டாங்க” என்றாள். கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

எங்கள் ஊர் காஜா பெராங்கில் அஞ்சலையிடம் ரவிக்கை தைத்துக்கொள்ளாத வீடு குறைவு. அவளை அறிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் பத்து பெரெண்டாம் ஊருக்குப் போகும் சாலையில் லாரி மோதி இறந்தான். இரண்டு வருடம் கழித்து மருமகள் சரோஜா அஞ்சலையைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். குடியிருக்க வந்தவள் என்று முதலில் சொன்னார்கள். பிறகு அதையும் சொல்லவில்லை. புருஷன் பெண்டாட்டி போலத்தான் வாழ்ந்தார்கள். நான் தெருவில் நின்று ஏசினேன். அஞ்சலை வெளியே வந்தாள்.

“அத்தே, உள்ள வந்து உக்காந்து திட்டுங்க. வெயில்ல நின்னா தல சுத்தும்.”

“யாருக்குடி யாரு அத்தை?” என்றேன். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுத்தான் மறுபடி ஏசினேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் மல்லிகா பெரிய மனுஷியானாள். ஓலை வெட்டிவந்து குடிசை கட்ட வேண்டியவன் தாய்மாமன். சிரம்பானில் இருக்கும் சரோஜாவின் அண்ணன், அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான். மறுநாள் அஞ்சலை கிளேபாங் கடற்கரையிலிருந்து தென்னை ஓலையைச் சைக்கிளில் கட்டி இழுத்துவந்தாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பின்னி, தானே குடிசை போட்டாள். சீர்த் தட்டையும் அவளே தூக்கிவந்தாள்.

“மாமனும் நீதானாக்கும்?” என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

“அப்பன் வேல, மாமன் வேல ரெண்டும் காலியாக் கெடக்கு. ஆளு வர்ற வரைக்கும் நான் பாக்குறேன்கா.”

குடிசைக்குள்ளிருந்து மல்லிகா வாய்விட்டுச் சிரித்தாள். அப்பன் போனபின் அந்தப் பிள்ளை அப்படிச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

பள்ளியில் பிள்ளைகள் “ஒங்க வீட்டுல யாரு அப்பா?” என்று கேலி செய்தார்கள். மல்லிகா மூன்று வாரம் போகவில்லை. அஞ்சலை திட்டவில்லை. தெங்கேராவில் இருக்கும் பள்ளி வரை கூடவே நடந்து கொண்டுபோய் விட்டாள். “கேட்டா ஒளிக்காதம்மா. ஒளிச்சா நீயே ஒன்னத் தப்புன்னு நெனச்சுக்குவ” என்பாள். அந்த ஆண்டு என் பேத்தி வகுப்பில் முதலாவதாக வந்தாள். நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரால் வந்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அஞ்சலையை எடுக்கும் நாளில் சிரம்பான்காரன் வந்துவிட்டான், அவள் குடிவந்ததிலிருந்து ஐந்து வருடமாக மிதிக்காத வாசலை மிதித்துக்கொண்டு. வாய்க்கரிசி போட உறவினரைக் கூப்பிட்டார்கள். மல்லிகா கைநிறைய அரிசி அள்ளிக்கொண்டு முன்னே போனாள். “இந்தப் பொண்ணு என்ன முறை?” என்று ஒரு பெரியவர் கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்கு அவள் கல்யாணத்தைப் பற்றிய பயம் வந்துவிட்டது. நான்தான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

“போகாதடி. போனா நாளைக்கு ஒருத்தனும் ஒன்னக் கட்ட மாட்டான்.”

“அப்பா செத்தப்ப போடச் சொன்னீங்களே, பாட்டி?”

கையிலிருந்த அரிசியை என் உள்ளங்கையில் கொட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அஞ்சலையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பதினாறாம் நாள் கழிந்ததும் மாமன் மல்லிகாவைச் சிரம்பானுக்குக் கூட்டிப்போனான். வயசுப்பெண் இந்த வீட்டில் இருக்கக்கூடாதாம். பள்ளியையும் நிறுத்திவிட்டான். சரோஜா சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். மல்லிகாவுக்கு மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. போய்ப் பார்த்தேன். சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளையின் முகம் அப்படியா இருக்கும்?

அஞ்சலையின் நினைவாக என்னிடம் அந்த ஒரு பிடி அரிசிதான் இருக்கிறது. முந்தானைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். வண்டு விழுந்துவிட்டது. உலையில் போடவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை.